மரங்களுக்கு நடுவே வீடு: வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டுப் பக்கம் தோப்பு, காட்டோரம் என்று வீடு தேடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பத்திரம், நில அளவை, கட்டட வேலை மூன்றிலும் பழகியவர்கள் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்றபின் காரைக்குடிக்கு அருகே காட்டுக்குள் ஒரு வீடு வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தரகர் காட்டிய இடங்கள் எல்லாமே அழகாக இருக்கின்றன, எல்லாவற்றையும் "பட்டா இடம்தான் சார்" என்கிறார். எதை நம்புவது?
– வாசகர், சென்னை

பச்சையாக இருப்பதெல்லாம் விற்கக்கூடிய இடம் அல்ல. நம் பகுதியில் காடு போலத் தெரிவது பல வகை. வனத்துறையின் காப்புக்காடு ஒன்று. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டது, அதில் ஒரு சென்ட் கூட யாரும் விற்க முடியாது. அடுத்து வனத் தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகள். மூன்றாவது கோயில் காடு. அய்யனார் மண் குதிரைகளுக்குப் பின்னால் வீரையும் பாலையும் காசாவும் அடர்ந்து நிற்குமே, அது. கடைசியாகத் தனியார் நிலம்: முந்திரித் தோப்பு, மாந்தோப்பு, தனியார் தைலமரம், கேட்பாரற்றுச் சீமைக்கருவேலம் மண்டிய தரிசு. உங்களுக்கு உரியது இந்தக் கடைசி வகை மட்டும்தான்.

எது எது என்பதைக் கண்ணால் பிரிக்க முடியாது, கிராமத்தின் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டால் பிரிக்கலாம். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் வாங்கிக்கொண்டு அரசின் நிலப்பதிவேட்டு இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) மூன்றையும் எடுங்கள். பட்டா யார் பெயர் என்று சொல்லும், அவ்வளவுதான். நிலம் என்ன ரகம் என்பது அ-பதிவேட்டில் இருக்கிறது. ரயத்துவாரி (தனியார் நிலம்), புஞ்சை என்று இருந்தால் மேலே பேசலாம். காடு, மேய்க்கால், மந்தைவெளி, ஓடை, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு (இரண்டும் அரசு நிலம்), கோயில் என்ற சொற்களில் எது இருந்தாலும் எழுந்துவிடுங்கள். குறிப்புக் கலத்தையும் விடாமல் படியுங்கள். பூமிதான நிலம், ஆதிதிராவிடருக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலம், நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்து நிபந்தனையுடன் கொடுத்த நிலம் ஆகியவை அங்கேதான் மாட்டும். இவற்றில் பட்டாவும் இருக்கும், ஆள் குடியிருப்பும் இருக்கும், உங்களுக்கு விற்கும் உரிமை மட்டும் இருக்காது.

பரப்பு ஹெக்டேரில் இருக்கும். 0.81.0 என்றால் 81 ஏர் (நூறு ஏர் ஒரு ஹெக்டேர்). ஏறத்தாழ 2 ஏக்கர். தரகர் மூன்று ஏக்கர் என்று வேலியைக் காட்டி, பதிவேடு இரண்டு என்று சொன்னால், மிச்ச ஒரு ஏக்கர் பக்கத்துப் புறம்போக்கு.

கோயில் காட்டை ஒட்டிய பட்டா நிலம் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். அந்த மரங்களை ஊரார் வெட்டமாட்டார்கள் என்பதால் பசுமை நிலைக்கும். ஆனால் அய்யனாருக்கு மண் குதிரைகளை எடுத்துச்செல்லும் புரவியெடுப்பின்போது குதிரைகள் எந்த வழியாகப் போகின்றன என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். அந்த வழி உங்கள் நிலத்துக்குள் வந்தால் அங்கே வேலி போட முடியாது, போடவும் கூடாது. தைலமரத்தை ஒட்டிய நிலம் இதற்கு நேர் எதிர். இன்று ஜன்னலைத் திறந்தால் பச்சைச் சுவர். ஆறேழு ஆண்டில் காகித ஆலைக்கு வெட்டுவார்கள், ஒரே வாரத்தில் மொட்டை வெளி. அந்தக் காட்சிக்கு விலை கொடுக்காதீர்கள்.

அரிமளம் பக்கம் நான்கு ஏக்கர் முந்திரித் தோப்பு, நடுவில் சிறிய ஓட்டு வீடு. கூட்டுப் பட்டா. விற்பவர் "எங்கள் ஐயா சொத்து, பங்காளிகள் யாரும் கேட்கமாட்டார்கள்" என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

கொடுக்காதீர்கள், இப்போதைக்கு.

கேட்கமாட்டார்கள் என்பது உறவைப் பற்றிய நம்பிக்கை. பத்திரத்துக்குத் தேவை கையெழுத்து. ஐயா பெயரில் உள்ள மூலப் பத்திரத்திலிருந்து தொடங்கி, அவருக்குப் பிறகு யார் யார் என்று ஒரு வம்சக் கொடி எழுதுங்கள். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழோடு அதை ஒப்பிடுங்கள். மூன்று இடங்களில் பெயர் விட்டுப்போகும். முதலாவது, கட்டிக்கொடுத்த பெண் மக்கள். சீர் செய்தாயிற்று என்பது பங்கைத் தீர்க்காது. பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருந்தால்தான் தீரும். இரண்டாவது, சுவீகாரம். பிள்ளை கூட்டிக்கொண்ட குடும்பங்களில், சுவீகாரம் போனவருக்குப் பிறந்த வீட்டில் பங்கு இல்லை (போவதற்கு முன்பே அவர் பெயருக்கு வந்துவிட்ட சொத்து விலக்கு), போன வீட்டில் உண்டு. இதைத் தலைகீழாகக் கணக்குப் போட்டு எழுதிய பத்திரங்கள் ஏராளம். சுவீகாரப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்றாவது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வாரிசுகள். அவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுப் பவர் (தமக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பத்திரம் பதியும் நாளில் பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றும் வேண்டும். கொடுத்தவர் இறந்த நாளோடு பவரும் முடிந்தது.

வில்லங்கச் சான்று கணினியில் பல அலுவலகங்களுக்கு 1975 முதல்தான் கிடைக்கிறது. மூலப் பத்திரம் அதற்கும் முந்தையது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைத்தேடலுக்கு மனு போடுங்கள். அரசு நிலப் பதிவுகளைப் புதுப்பித்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பழைய சர்வே எண் மாறியிருக்கலாம். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் தேட வேண்டும். புதிய எண்ணுக்கு மட்டும் போட்டு "வில்லங்கம் இல்லை" என்று வாங்கிவைப்பது பழைய தந்திரம்.

எல்லாம் சரியாக இருந்தால், முதலில் பாகப்பிரிவினை, பிறகு உட்பிரிவு செய்து தனிப் பட்டா, அதன்பிறகு உங்களுக்குக் கிரயம். அல்லது எல்லாப் பங்காளிகளும் ஒரே கிரயத்தில் கையெழுத்து. எல்லை அளக்க எஃப்-லைன் மனு கொடுத்து அரசு சர்வேயரையே வரவழையுங்கள். தோப்பு நிலத்தில் எல்லைக்கல் மரத்தின் வேரடியில் புதைந்திருக்கும், அல்லது "காணாமல் போயிருக்கும்". கல் நட்டபின் நான்கு பக்கத்துக்காரரையும் நிறுத்திவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் ஒதுக்குங்கள். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 2025 ஏப்ரலில் வந்த சலுகை.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். தேவகோட்டைக்கு அருகே ஒரு தோப்பு வீடு வாங்க ஆசை. ஊரிலுள்ள மைத்துனர் பெயரில் வாங்கி வைக்கலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

கூடாது. வெளிநாடுவாழ் இந்தியரோ, ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான) அட்டை வைத்திருப்பவரோ விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இவற்றை வாங்க அன்னியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. பரிசாகக்கூட வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பணத்தில் மைத்துனர் பெயருக்கு வாங்கினால் அது பினாமிச் சொத்து. உறவு கசந்தால் நிலமும் போகும், வழக்கும் வரும்.

முறையான வழி, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் மனையோ, கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) உள்ள பழைய வீடோ வாங்குவது. ஊர் விளிம்பில், பின்கட்டுக்கு அப்பால் தோட்டமும் தோப்புமாக இருக்கும் நத்தத்து வீடுகள் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் பின்னால் உள்ள தோப்பு தனி சர்வே எண்ணில் புஞ்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீடு உங்களுக்கு, தோப்பு உங்களுக்கு இல்லை.

காட்டு வீட்டுக்குத் தண்ணீரும் வழியும் எப்படிச் சோதிப்பது?
– வாசகர், திருப்பத்தூர்

இடத்தை இரண்டு தடவை பாருங்கள்: சித்திரை வெயிலில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு தடவை. அவசரப்படுத்துகிற விற்பனையாளர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை மறைக்கிறார்.

சித்திரையில் பார்ப்பது கிணற்றுக்காக. மோட்டாரை மூன்று மணி நேரம் விடாமல் ஓட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் 200 லிட்டர் டிரம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் என்றால் மணிக்கு 1,200 லிட்டர். ஒரு குடும்பத்துக்கும் சிறு தோட்டத்துக்கும் போதும். முடிவில் அது இருபத்தைந்து நிமிடமாக நீண்டால் ஊற்று தளர்கிறது என்று பொருள். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். புளோரைடு 1.5-ஐத் தாண்டக் கூடாது. செம்பூரான் (கல்லாக இறுகிய செம்மண்) நிலத்தில் இரும்பு அதிகம் வரும். வாளியில் பிடித்துவைத்த தண்ணீர் மறுநாள் செம்மை படிந்தால் வடிகட்டிச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். புதுவயல், பள்ளத்தூர் பக்கத்துக்கும் திருப்பத்தூர், சிங்கம்புணரி பக்கத்துக்கும் நிலத்தடி வேறு. உங்கள் பக்கம் பாறை. ஒரு ஆழ்துளைக் கிணறு (போர்) ஊறும், நூறு அடி தள்ளிப் போட்டது பொய்க்கும். பக்கத்து நிலத்துப் போரைக் காட்டி விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிதாகப் போட 2015 விதிகளின்படி ஊராட்சியிடம் முன் அனுமதி வேண்டும்.

மழையில் பார்ப்பது வரத்துக்காலுக்காக. நம் கண்மாய்களும் ஊருணிகளும் மேட்டுச் சரிவிலிருந்து ஓடிவரும் மழைநீரை நம்பியவை. அந்த ஓட்டம் கோடையில் கண்ணுக்கே தெரியாது. புல் மூடிய அரை அடிப் பள்ளம், அவ்வளவுதான். மரங்களின் அடியில் ஒரே பக்கம் சருகு ஒதுங்கியிருக்கிறதா, வேர் மண் அரித்து வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். புலப்படத்தில் இரட்டைக் கோடாக ஓடை காட்டியிருந்தால் அதன் அகலம் உங்கள் பரப்பில் சேராது. வரத்தை மறித்துச் சுவர் எழுப்பினால் முதல் மழையிலேயே ஊர் திரண்டு வரும், நியாயமும் அவர்கள் பக்கம்.

வழியைப் பற்றி: புலப்படத்தில் வண்டிப்பாதை இருக்க வேண்டும். பக்கத்துத் தோப்புக்காரர் "போய்க்கொள்ளுங்கள்" என்று சொன்ன வழி அவர் மகன் காலத்தில் மூடும். அப்படிப்பட்ட வழிதான் என்றால், அகலம் குறிப்பிட்டுப் பதிவு செய்த பாதை உரிமைப் பத்திரம் கேளுங்கள். 12 அடிக்குக் குறைந்தால் செங்கல் லாரியும் போர் வண்டியும் உள்ளே வராது. 108 வண்டி வருவதையும் அப்போதே ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். மரம் இல்லாத இடத்தில் மரம் வைத்துவிடலாம், பாதை இல்லாத இடத்தில் பாதை வைக்க முடியாது. எங்கள் அனுபவத்தில் காட்டு வீட்டுக் கனவு கலைவது பாம்பாலும் இல்லை, இருட்டாலும் இல்லை, பெரும்பாலும் இந்தப் பாதையால்தான்.

மின் இணைப்பு? – வாசகர், கோட்டையூர்

கடைசிக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை மீட்டர் என்று நடந்து அளந்து, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மதிப்பீடு கேளுங்கள். தோப்பில் இருக்கும் இலவச விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது விதிமீறல். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும். நிலத்தின்மேல் உயரழுத்தக் கம்பி போனால் அதன் கீழே கட்டடம் வராது, உயர மரமும் வராது.

ஊர் எல்லையில், புளியும் வேம்பும் சூழ்ந்த நூறு வருடத்து வீடு பார்த்திருக்கிறோம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் இருக்கிறது. வாங்கும் முன் கட்டடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, கானாடுகாத்தான்

ஒரு டார்ச், ஒரு நீள ஸ்குரூ டிரைவர், ஒரு தூக்குக்குண்டு, ஏணி. இவற்றோடு போங்கள். தூண்களின் அழகை முதல் நாளே பார்த்துவிடுங்கள். இரண்டாம் நாள் அண்ணாந்தே இருக்க வேண்டும்.

பர்மாத் தேக்கு என்றால் கரையான் தொடாது என்ற பேச்சு பாதி உண்மை. வைரம் பாய்ந்த உள்மரத்தைத் தொடாது, வெளிர் நிற வெளிமரத்தைத் தின்னும். ஆனால் உத்தரம் கெடுவது நடுவில் அல்ல, சுவருக்குள் புதையும் முனையில். சுவரில் ஈரம் இறங்கி அந்த முனை வருடக்கணக்கில் ஊறும். சுவரை ஒட்டிய ஒரு சாண் தூரத்தில் ஸ்குரூ டிரைவரை அழுத்துங்கள். அரை அங்குலம் இறங்கினால் அந்த உத்தரம் மாற்ற வேண்டியது. தட்டிப் பார்த்தால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது பொத்தென்று சொல்லும். முட்டுக் கொடுத்து ஒரு உத்தரம் மாற்றும் செலவைத் தச்சரிடம் கேட்டு, எண்ணிக்கையால் பெருக்கி, விலையில் குறையுங்கள்.

அடுத்து முற்றத்தின் நான்கு மூலை. இரண்டு சரிவு ஓடும் சேரும் மூலைவாய்க்கால்தான் வீட்டின் பலவீனமான இடம். மேலே புளிய மரம் இருந்தால் அதன் சிறு இலை அங்கே சேறாகப் படிந்து தண்ணீரைத் தேக்கும், தேங்கியது பின்வாங்கி உத்தரத்தில் இறங்கும். நாட்டு ஓட்டில் குரங்கு வேறு ஆடும். வருடத்துக்கு ஒரு முறை, ஆவணி புரட்டாசியில், ஓடு மாற்றவேண்டிய வீடு இது என்று தெரிந்தே வாங்குங்கள். ஓட்டு வேலை தெரிந்த ஆள் குறைந்துவருகிறார்கள். வீட்டுக்கு முன் அந்த ஆளைத் தேடிவைப்பது புத்திசாலித்தனம். மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த தளம்) போட்ட அறைகளில் உள்கூரையில் பழுப்பு வளையம், வரிசை பிசகிய செங்கல் தெரிகிறதா என்று பாருங்கள். மேல்தளத்தில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் போதாது. வேர் சுண்ணாம்புக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சுவர் பளபளவென்று புது வண்ணத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று, இடுப்பு உயரத்தில் உப்புப் பூத்து, பூச்சு தகடாக உரியும். தரையிலிருந்து மூன்று அடி வரை கையால் தடவிப் பாருங்கள். மாவு போல உதிர்ந்தால் பழைய பூச்சைச் சுரண்டி மறுபடி சுண்ணாம்பே பூச வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த அறையில் ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தால் நிறம் வெளிறித் திட்டுத்திட்டாக இருக்கும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எத்தனை புள்ளிக்கு (பங்குள்ள குடும்பத்துக்கு) சொந்தமான வீடு என்பதையும் கேளுங்கள். முன்பதிலில் சொன்ன பங்காளிக் கணக்கு இங்கே இன்னும் சிக்கலாக இருக்கும்: அறை ஒவ்வொன்று ஒருவருக்கு, முற்றமும் கிணறும் பொதுவில்.

வீட்டை ஒட்டி எந்த மரத்தை வைத்துக்கொள்ளலாம், எதை எடுக்க வேண்டும்?
– வாசகர், புதுக்கோட்டை

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது உங்கள் மாவட்டத்தில் தென்னையும் பலாவும் முந்திரியும் தைலமரமும் எப்படிச் சாய்ந்தன என்பது நினைவிருக்கும். பனை பெரும்பாலும் நின்றது. செம்பூரான் பாறை மேலாக இருக்கும் நிலத்தில் வேர் ஆழம் போக முடியாமல் பக்கவாட்டில் பரவும். அப்படிப்பட்ட மரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆபத்து. விதி எளிது: மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரம் தள்ளி வீடு. முடியாவிட்டால் வீட்டுப் பக்கம் நீண்ட கிளைகளைப் புரட்டாசிக்குள் கவாத்து செய்யுங்கள். அரசு, ஆல், அத்தி மூன்றும் சுவருக்கு 50 அடிக்குள் வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். சந்தனம் இருந்தால் வனத்துறையிடம் சொல்லாமல் ஒரு கிளையைக்கூட எடுக்காதீர்கள்.

வீட்டைச் சுற்றி 30 அடி சருகில்லாமல் இருக்கட்டும். பங்குனி சித்திரையில் தைலமரச் சருகில் தீப்பிடித்தால் நிற்காது; தவிர, எலி தங்காத இடத்தில் பாம்பும் தங்குவதில்லை. விறகையும் பழைய ஓட்டையும் சுவரோடு அடுக்காதீர்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் தரையில் படுப்பவரைத்தான் கடிக்கும்; கட்டிலும் கொசுவலையும் பெருமளவு காக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், அசைக்காமல், நேராக அரசு மருத்துவமனை. அது எத்தனை நிமிடப் பயணம் என்பதையும் இடம் பார்க்கும்போதே கணக்கில் சேருங்கள்.

எங்களுக்குக் கிடைத்திருப்பது மரமே இல்லாத 60 சென்ட் செம்மண் பொட்டல். பாதை, பட்டா, தண்ணீர் எல்லாம் சுத்தம். இதை விட்டுவிடலாமா?
– வாசகி, ஆத்தங்குடி

இந்தப் பக்கத்திலேயே நல்ல இடம் உங்களுடையதுதான், வாங்குங்கள். வீட்டுக்கு 15 சென்ட் ஒதுக்கி, மிச்சத்தில் மரம் வையுங்கள். கட்டட அனுமதிக்கு முன் கிழக்கு, மேற்கு எல்லைகளில் நட்டுவிட்டால் வீடு முடியும்போது தலைக்கு மேல் இருக்கும்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். ஓரடியில் செம்பூரான் கல் தட்டினால் கடப்பாரையால் அதை உடைத்து அடிமண்ணைத் தொட வேண்டும். உடைக்காமல் நட்டால் குழி தொட்டியாகித் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், பிழைத்தாலும் காற்றுக்குச் சாயும். ஆடியில் தோண்டி ஆற விட்டு, மட்கிய சாணமும் மேல்மண்ணும் பாதிக்குப் பாதி நிரப்பி, ஐப்பசி முதல் மழை நனைத்த பிறகு நடுங்கள். வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை 15 அடிக்கு ஒன்று. இடையில் வெப்பாலை, உசிலை, கொன்றை. வீட்டுப் பக்கம் மகிழம் ஒன்றிரண்டு. வீரையும் பாலையும் மெதுவாக வளரும், ஆனால் இந்த மண்ணின் சொந்த மரம். கோயில் காட்டில் விழுந்த விதையைப் பூசாரியிடம் கேட்டுப் பொறுக்கிவந்து நாற்று விடலாம். முதல் இரண்டு கோடையில் கன்றுக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர், அடியில் சருகு மூடாக்கு. ஆட்டுக்கு முள்வேலி போட மறக்காதீர்கள். ஒரு மத்தியானத்தில் நூறு கன்றைத் தின்றுவிடும்.